புவனா அக்காவும் ஏதென்ஸ் நகரத்துச் சண்டைகளும்

வியாழக்கிழமை காலை, ஸ்ட்ராட்போர்டில் ரயில் மாறுவதற்காக நின்றுகொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. திரையில் நிவேதாவின் பெயர். புவனா அக்காவின் மகள் அந்த வேளையில் என்னை அழைக்கிற வழக்கமே இல்லை. எடுத்தேன்.

“அங்கிள், அம்மா போயிட்டா. விடியக் காலமை. நித்திரையிலேயே.”

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள். “சனிக்கிழமை தமிழ் ஸ்கூலை நிப்பாட்ட வேண்டாமாம். நேற்றுப் பின்னேரம் உங்களிட்டச் சொல்லச் சொன்னவா. நான்தான் மறந்துபோனன்.”

முதலில் எனக்கு வந்தது கோபம்தான். சாகிற நேரத்தில்கூட ஒரு மனுஷி பள்ளிக்கூடத்தைப் பற்றியா கவலைப்படுவார்! வந்த ரயிலை விட்டுவிட்டு நடைமேடை இருக்கையில் உட்கார்ந்தேன். அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரப் பெண்மணி ஒன்றும் கேட்காமல் ஒரு டிஷ்யூவை நீட்டினார். அன்று அலுவலகம் போகவில்லை.

அவரைத் தெரியாதவர்களுக்காக முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். திருமதி புவனேஸ்வரி, எங்கள் எல்லோருக்கும் புவனா அக்கா, யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குக் கிரேக்க உரோம நாகரிகம் என்ற பாடத்தைத் தமிழில் கற்பித்தவர். அப்படி ஒரு பாடம் தமிழில் இருக்கிறது என்பதையே மதுரைக்காரனான நான் அவர் சொல்லித்தான் அறிந்தேன். லண்டனுக்கு வந்த பிறகு மறுபடி படித்து, கிழக்கு லண்டனில் ஒரு பள்ளியில் வரலாற்று ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றார். பிளேஸ்டோவில் வீடு. கணவர் முன்னரே காலமாகிவிட்டார். நான் வங்கி ஒன்றில் மென்பொருள் எழுதுகிறவன். எங்கள் இருவரையும் சேர்த்து வைத்தது குட்மேய்ஸில் சனிக்கிழமைகளில் நடக்கும் தமிழ்ப் பள்ளி. சரியாகச் சொன்னால், அந்தப் பள்ளியில் நடந்த ஓயாத சண்டைகள்.

என் மகளைச் சேர்க்கப் போன முதல் நாள் அவரைச் சந்தித்தேன். ஒரே மேசை, நீண்ட வரிசை. மேசையில் இருந்தவர் பேனாவைத் தேடிப் போனவர் திரும்பவே இல்லை. எனக்குப் பொறுமை குறைவு என்பது என்னை அறிந்த எவருக்கும் தெரியும். யாரிடம் என்றில்லாமல் பொதுவாகக் கத்தினேன்.

“என்னங்க இது, ஒரு ஒழுங்கே கிடையாதா? இதையெல்லாம் நடத்த ஒரு நல்ல ஆள் வேணும்ங்க. ஒரே ஆள். மத்தவங்க வாயை மூடிக்கிட்டு இருக்கணும்.”

எனக்கு முன்னால் தன் மகள் நிவேதாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் திரும்பிப் பார்த்தார். “ஓமோ? எப்பிடிப்பட்ட ஆள்?”

கிண்டல் செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற முகம்.

“நல்லவரா, விவரம் தெரிஞ்சவரா, தனக்குன்னு எதுவும் வேண்டாதவரா ஒருத்தர்.”

“அவரை ஆர் தெரிவு செய்யிறது?”

“விவரம் தெரிஞ்சவங்க.”

“அவைக்கு விவரம் தெரியும் எண்டு ஆர் சொல்லுறது?”

எனக்குச் சுருக்கென்றது. “ஏங்க, நீங்க என்ன வக்கீலா?”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். “இல்லைத் தம்பி. ஆனா நீங்கள் இப்ப சொன்னதை ரெண்டாயிரத்துச் சொச்சம் வருசத்துக்கு முன்னம் ஒராள் சொன்னவர். அவரும் உங்களைப்போல கியூவில நிண்டு களைச்சுப்போய்த்தான் சொன்னவர்.”

அவ்வளவுதான். அன்றிலிருந்து சனிக்கிழமைகள் எனக்கு வேறு மாதிரி ஆகிவிட்டன. பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் நேரம் பெற்றோர்கள் நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் காத்திருப்போம். பிளாஸ்க்கில் தேநீரும் கடையில் வாங்கிய மீன் ரோலும் சுற்றி வரும். மற்றவர்கள் வீட்டு விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். நாங்கள் இருவரும் ஏதென்ஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம். பேசிக்கொண்டிருப்போம் என்பது மரியாதைக்காகச் சொல்வது. சண்டை போட்டுக்கொண்டிருப்போம்.

அவரிடம் ஒரு விசித்திரமான பிடிவாதம் இருந்தது. அந்தக் கிரேக்க ஞானிகளின் பெயர்களை அவர் சொல்லவே மாட்டார். ஒருவர் குரு, அடுத்தவர் சீடர், அதற்கடுத்தவர் சின்னச் சீடர், அவ்வளவுதான். “பேர் சொல்லுங்கக்கா, நான் தேடிப் படிச்சுக்கிறேன்” என்று ஒருமுறை கெஞ்சினேன்.

“பேரைச் சொன்னா நீங்கள் கையெடுத்துக் கும்பிட்டுப்போட்டுப் போயிடுவியள். அந்த மனுசன் என்ன பட்டவர் எண்டு கேக்க மாட்டியள்,” என்றார்.

வீட்டுக்குப் போய்ப் பெயர்களைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கு நெடுநேரம் ஆகவில்லை. ஆனாலும் அவருடைய மரியாதைக்காக இங்கே நானும் அவற்றை எழுதவில்லை.

எந்தக் கருத்தைக் கேட்டாலும் அவர் கேட்பது ஒரே கேள்விதான். “அதுக்கு முதல் நாள் என்ன நடந்தது?” ஞானி ஒருவர் ‘ஞானமுள்ளவரே ஆள வேண்டும்’ என்று எழுதினாரா? நல்லது. அதற்கு முந்தின நாள் அவர் தெருவில் என்ன பார்த்தார்? அதைச் சொன்னால்தான் மற்றதைக் கேட்பார்.

அப்படித்தான் எனக்கு அந்த நகரத்தின் கதை துண்டு துண்டாகக் கிடைத்தது. சீடர் பிறப்பதற்கு முன்பே ஊர் ஸ்பார்ட்டாவோடு போரில் இறங்கியிருந்தது. கொள்ளைநோய் ஒன்று வந்து ஊரைத் தின்றுவிட்டுப் போயிருந்தது. அவர் வளர்ந்து ஆளாகும்போதும் அதே போர். ஊரை நடத்தியது சபை. குடிமக்கள் கூடிக் கை தூக்கினால் அதுதான் தீர்ப்பு. ஒரு நாள் கோபத்தில், கலகம் செய்த ஒரு தீவின் ஆண்கள் அத்தனை பேரையும் கொல்லச் சொல்லிக் கை தூக்கிவிட்டார்கள். கட்டளையோடு கப்பலும் போய்விட்டது. மறுநாள் மனம் கேட்கவில்லை. மறுபடி கூடி, வேண்டாம் என்று கை தூக்கினார்கள்.

“இப்ப முதல் கப்பலைப் பிடிக்க ரெண்டாவது கப்பல் போகுது,” என்று சொல்லிவிட்டு அக்கா ரோலைக் கடித்தார். வேண்டுமென்றேதான்.

“போய்ச் சேர்ந்துச்சா?”

“மயிரிழையில. கட்டளையை வாசிச்சு முடிக்கிற நேரம் வந்து சேர்ந்தது.”

நடைபாதையில் இன்னும் நாலைந்து பேர் நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

போரில் ஏதென்ஸ் தோற்றது. மதில்கள் இடிக்கப்பட்டன. முப்பது பேர் ஆட்சியைப் பிடித்தார்கள். அவர்களில் சீடரின் சொந்தக்காரர்களும் இருந்தார்கள். இளைஞரான சீடர், நம் ஆட்கள் வந்துவிட்டார்கள், இனி ஒழுங்காக நடக்கும் என்று நம்பினார். வந்தவர்கள் கொலைமேல் கொலை செய்தார்கள். ஒரு நிரபராதியைப் பிடித்து வரும்படி குருவையே ஏவினார்கள். குரு பேசாமல் வீட்டுக்கு நடந்துவிட்டார். பிறகு அவர்கள் துரத்தப்பட்டு மக்களாட்சி திரும்பியது. பழையதைக் கிளறுவதில்லை என்று எல்லோரும் சத்தியம் செய்துகொண்டார்கள். அப்படிச் சத்தியம் செய்த அதே நகரம்தான் சில ஆண்டுகளில் குருவுக்கு நஞ்சு கொடுத்தது.

“இப்ப சொல்லுங்கோ சேகர். சொந்தக்காரர் ஆண்டும் கொலை. சனம் ஆண்டும் கொலை. நீங்கள் அந்தப் பொடியனா இருந்தா என்ன எழுதுவியள்?”

“இவனுங்க யாரும் வேண்டாம், உண்மையான ஞானி ஒருத்தர் ஆளட்டும்னு எழுதுவேன்.”

“அதைத்தான் அவரும் எழுதினவர். அது பிழை எண்டு நான் சொல்லேல்லை. ரத்தம் காய முன்னம் எழுதினது எண்டு சொல்லுறன். அந்த யோசினையை எடுக்கிறவை ரத்தத்தையும் சேர்த்துப் பாக்க வேணும்.”

நானும் சும்மா விடுகிறவன் இல்லை. குலுக்கல் முறையில் அதிகாரிகளைத் தேர்ந்தெடுத்த ஊர் ஏதென்ஸ் என்று அவர் பெருமையாகச் சொன்ன நாளில், சோழர் காலத்துக் குடவோலையை எடுத்து வீசினேன். பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு எடுப்பது, கணக்குக் காட்டாதவனின் பெயரையும் அவன் உறவினர் பெயரையும் எழுதவே கூடாது என்பது, கல்வெட்டில் இருப்பது எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அவர் கண்கள் விரிந்தன.

“உறவினரையுமோ? அப்ப ஆரோ ஒருத்தன் கணக்குக் காட்டாமல் ஓடியிருக்கிறான்! அவன்ர மச்சானும் அடுத்த வருசம் வந்து அதையே செய்திருக்கிறான்! ஆரவன்? கல்வெட்டில பேர் இல்லையே?”

இல்லை என்றேன். பல மாதங்களுக்கு அவர் அந்த மச்சானைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்த காலத்தில் எங்கள் பள்ளிக்கு ஒரு அரசர் இருந்தார். நடராசா ஐயா. தோர்ண்டன் ஹீத்திலிருந்து வாராவாரம் லண்டனைக் குறுக்கே கடந்து வருவார். எந்த வகுப்பு எந்த அறையில், எந்த ஆசிரியருக்கு யாரோடு ஒத்துவராது, பரீட்சைத் தாள் யாரிடம், கட்டடத்தின் பராமரிப்பாளரை எப்படிச் சமாளிப்பது, எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. செயற்குழு என்று ஒன்று பெயருக்கு இருந்தது. அது அவர் சொன்னதற்குத் தலையாட்டும். நான் அந்தக் காலத்தில் மிகவும் நிம்மதியாக இருந்தேன். “பார்த்தீங்களாக்கா, ஒரு நல்ல ஆள்!” என்று சொல்லிக் காட்டுவேன். “ஓம், நல்ல மனுசன்தான். அவருக்குக் காய்ச்சல் வந்தா என்ன செய்வியள்?” என்பார்.

காய்ச்சலை விடப் பெரிதாகவே வந்தது. பக்கவாதத்தில் ஐயா படுத்துவிட்டார். பேச்சு போய்விட்டது. அவர் தலைக்குள் இருந்த பள்ளியும் அதோடு போனது. இரண்டே மாதத்தில் குட்மேய்ஸ் கோஷ்டி, பிளேஸ்டோ கோஷ்டி என்று பிரிந்தோம். ஆண்டு விழா வந்தபோது இரு கோஷ்டியும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், வெவ்வேறு மண்டபத்தில் விழா எடுத்தன. நம் ஆட்களால்தான் அப்படி முடியும். அழைப்பிதழில் மங்கள விளக்கு ஏற்றுபவர்களின் பெயர் வரிசைதான் நமக்கு உயிர் ஆயிற்றே. இரண்டு அழைப்பிதழ்களிலும் முதல் பெயராகப் புவனா அக்காவின் பெயரைப் போட்டிருந்தார்கள். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விழா நாளன்று ஒரு மண்டபத்து இராமாயண நாடகத்தில் இராமர் இருந்தார், சீதை இல்லை. மற்றதில் சீதை இருந்தாள், அனுமார் இல்லை. சீதை என் மகள். இராமர் இல்லாமல் தனியாக மிதிலையில் நின்று அவள் அழுத அழுகையை இன்றைக்கும் வீட்டில் யாரும் பேச மாட்டோம். அக்கா இரண்டு விழாவுக்கும் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை எந்தப் பள்ளியும் நடக்கவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. கட்டடத்தின் வாசலில் பிள்ளைகள் வந்து நின்று திரும்பிப் போனார்கள்.

கடைசியில் பிளேஸ்டோவில் ஒரு மண்டபத்தில் எல்லோரும் கூடினோம். கத்தல், மேசையில் அடித்தல், வெளிநடப்பு, வெளிநடப்புச் செய்தவர்கள் குளிர் தாங்காமல் திரும்பி வருதல், எல்லாம் முறைப்படி நடந்தன. பிறகு குட்மேய்ஸ் கோஷ்டியை நடத்திய சிவகுமார் எழுந்து, “புவனா அக்காவை நிரந்தரத் தலைவராப் போடுவம். கமிட்டி கிமிட்டி ஒண்டும் வேண்டாம். அவ சொல்லுறதுதான் முடிவு,” என்றார். இரு தரப்புக்கும் ஒத்துவந்த ஒரே பெயர் அது. நான் நாற்காலி கவிழும்படி எழுந்து கை தட்டினேன். எல்லோரும் தட்டினார்கள். எனக்குப் புல்லரித்தது. ஏதென்ஸில் நடக்காதது ஈஸ்ட் லண்டனில் நடக்கப் போகிறது என்று நினைத்தேன்.

அக்கா ஒரு வாரம் அவகாசம் கேட்டார்.

அந்த வாரக் கடைசியில் பேருந்தின் மேல்தட்டில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, எப்போது பொறுப்பேற்கிறீர்கள் என்று கேட்டேன்.

“நான் ஏலாது எண்டு சொல்லப்போறன்,” என்றார்.

“ஏன்க்கா! பயமா?”

“ஓம். இந்தக் கிழமை முழுக்க நல்லாச் சந்தோசமா இருந்தனான் சேகர். அதுதான் பயம். சமைக்கேக்கயும் அதே யோசினை. ஆர் எந்த வகுப்பு, ஆரை வைச்சிருக்கிறது, ஆரை மெல்லமா நிப்பாட்டுறது, எல்லாம் மனசுக்குள்ள ஒழுங்குபடுத்திப்போட்டன். என்ன வடிவா வந்தது தெரியுமே!”

“சரி, யாரை முதல்ல நிப்பாட்டுனீங்க?”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார். “உங்களைத்தான்.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“நீங்கள் எனக்கு நல்ல சிநேகிதர். ஆனா கூட்டத்தில மூண்டு பேர் கதைக்கிறதை நீங்கள் ஒராளே கதைப்பியள். உங்களை வெளியில விட்டா வேலை கெதியா முடியும் எண்டு நினைச்சன். கெட்ட எண்ணத்தில இல்லை. பள்ளிக்கூடம் நல்லா நடக்க வேணும் எண்டுதான். பொறுப்பு எடுக்க முன்னமே எனக்கு இவ்வளவு வருகுது எண்டா, எடுத்தாப்பிறகு?”

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வலித்தது. பிறகு அவர் தானாகவே சிசிலியின் கதையைச் சொன்னார். ஞானி அரசனாக வேண்டும், இல்லாவிட்டால் அரசன் ஞானியாக வேண்டும் என்று நம்பிய அந்தச் சீடர், கடல் கடந்து சிசிலித் தீவின் கொடுங்கோலர்களிடம் மூன்று முறை போனார். அப்பனிடம் ஒருமுறை, மகனிடம் இருமுறை. மூன்று முறையும் அவமானப்பட்டு, உயிர் தப்பினால் போதும் என்று திரும்பினார். வயதான காலத்தில், இந்த மாதிரி ஒரு மனிதர் கிடைக்காவிட்டால் சட்டத்தையாவது அரசனாக வைத்துக்கொள்வோம் என்ற இடத்துக்கு இறங்கி வந்தார்.

“ஒவ்வொரு தரமும் அவர் மற்ற ஆளைத்தான் சோதிச்சவர். தன்னை அந்தக் கதிரையில இருத்திப் பாக்கேல்லை. நான் ஒரு கிழமை இருந்து பாத்திட்டன். எனக்குக் காணும்.”

அடுத்த கூட்டத்தில் அவர் தலைமையை மறுத்துவிட்டு வேறொன்றைக் கேட்டார். பள்ளியில் ஒரு வருடமாவது வேலை செய்தவர்களின் பெயர்களைக் குலுக்கிப் போட்டுத் தலைவரை எடுக்க வேண்டும். ஒரே ஒரு வருடம். முடிவில் எல்லோர் முன்னிலையிலும் என்ன செய்தோம் என்று சொல்ல வேண்டும். அதற்கடுத்த வருடம் அதே ஆள் நாற்காலி அடுக்கித் தேநீர் ஊற்ற வேண்டும். இந்தக் கடைசி யோசனை சின்னச் சீடரிடமிருந்து எடுத்தது என்று பிற்பாடு எனக்குச் சொன்னார். அந்தச் சின்னச் சீடர் ஏதென்ஸுக்கு வந்தேறி. சபையில் கை தூக்கும் உரிமை இல்லாதவர். ஊர் ஊராக எப்படி ஆள்கிறார்கள் என்று சேகரித்துப் பார்த்தவர். முறை வைத்து ஆளவும் ஆளப்படவும் பழகியவர்களே நல்ல குடிமக்கள் என்று கண்டவர். “வெளியில நிண்டு பாத்தவருக்கு அது விளங்கியிருக்கு. எங்களை மாதிரி,” என்றார்.

நான் அந்த யோசனையைக் கடுமையாக எதிர்த்தேன். இரு கோஷ்டியும் ஏற்றுக்கொண்டன. எதிர்த் தரப்பு ஜெயிக்கவில்லை என்பதே இரண்டு பேருக்கும் போதுமாக இருந்தது.

நன்றாக நடந்ததா? சில வருடங்கள் நடந்தது. பிரபா என்ற பொறியாளரின் பெயர் வந்த வருடம் நாசமாய்ப் போனது. மனிதர் தொலைபேசியையே எடுக்க மாட்டார். ஆண்டு விழாவுக்கு மண்டபம் பதிவு செய்ய மறந்துவிட்டார். பிள்ளைகள் பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில், மேடை இல்லாமல், சுவரில் ஒட்டியிருந்த காய்கறிப் படங்களுக்கு முன்னால் ஆடினார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. “குலுக்கல் போட்டு டாக்டரைத் தேர்ந்தெடுப்பீங்களாக்கா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

அவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. “இதைத்தான் குருவும் கேட்டவர்! குலுக்கல் போட்டே மாலுமியை எடுக்கிறனீங்கள் எண்டு கேட்டவர்!”

“அப்ப பதில் சொல்லுங்க.”

“மறுமொழி என்னட்டை இல்லைத் தம்பி. தேடிக்கொண்டிருக்கிறன்.” பிறகு கொஞ்சம் யோசித்து, “ஆனா அதே குருவின்ர பேரும் ஒருமுறை குலுக்கலில வந்திருக்கு. சனம் வெறி பிடிச்சுத் தளபதியளைக் கொல்ல நிண்ட நாளில, சட்டத்துக்கு மாறா நடத்த மாட்டன் எண்டு தலைமைக் குழுவில நிண்ட ஒரே ஆள் அவர்தான். தேர்தல் வைச்சிருந்தா அவருக்கு ஆர் போட்டிருப்பினம்?” என்றார்.

ஆனாலும் இன்றுவரை எனக்கு முழுச் சம்மதம் வரவில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன். பிரபா மறு வருடம் தேநீர் ஊற்றியபோது எல்லோரோடும் நன்றாகப் பேசினார் என்பது உண்மை. அதற்காக மண்டபம் திரும்பி வருமா? ஒவ்வொரு வருடமும் குலுக்கலில் அக்காவின் பெயர் வர வேண்டும் என்று நான் உள்ளூர வேண்டிக்கொள்வேன். ஒருமுறைகூட வரவில்லை.

போன மாதம் மருத்துவமனையில் அவரைப் பார்த்தேன். மதிய வெயில் கட்டில்மேல் விழுந்திருந்தது. புற்றுநோய் முற்றிவிட்டதை அவர் அறிவார். பள்ளிக் கதைகளை ஒன்று விடாமல் கேட்டார். நான் உணர்ச்சிவசப்பட்டு, “நீங்க இல்லேன்னா இது ஒரு வாரம்கூட நடக்காதுக்கா” என்றேன். பாராட்டாகத்தான் சொன்னேன்.

அவர் முகம் சிவந்தது. இத்தனை வருடங்களில் அவர் என்மேல் உண்மையாகக் கோபப்பட்டது அப்போதுதான்.

“அப்ப நான் என்னத்தைச் செய்தனான்? நடராசா ஐயா செய்ததைத்தானே செய்திருக்கிறன்! நான் தலைவர் எண்ட பேரில்லாமல் தலைவரா இருந்திருக்கிறன், அவ்வளவுதானே?” மூச்சு வாங்கியது. தண்ணீர் கொடுத்தேன். சற்று அமைதியான பிறகு சொன்னார். “சீடரோட நான் எவ்வளவு காலமாப் பிடுங்குப்படுறன் தெரியும்தானே. அவர் சரியோ நான் சரியோ எண்டு, நான் போனாப்பிறகு வாற முதல் சனிக்கிழமை தெரியும். பாக்க எனக்குக் குடுத்துவைக்கேல்லை. நீங்கள் போய்ப் பாருங்கோ.”

“பார்த்துட்டு யார்கிட்டக்கா சொல்றது?”

“அது உங்கட பிரச்சினை,” என்று சிரித்தார். நாங்கள் கடைசியாகப் பேசியது அதுதான்.

நேற்றுச் சனிக்கிழமை. குட்மேய்ஸ் போகும் வழியெல்லாம் பெற்றோர் குழுவின் செய்திகளைப் பார்த்துக்கொண்டே போனேன். ‘புவனா அக்காவுக்கு அஞ்சலியாக இன்று பள்ளி விடுமுறை’ என்று சிவகுமார் போட்டிருந்தார். ‘அறிவிக்க நீர் ஆர்?’ என்று பிளேஸ்டோவிலிருந்து ஒருவர். ‘அக்காவின் சொந்தக்காரரைக் கேட்டீர்களா?’ என்று இன்னொருவர். நிவேதா சொன்னதை நான் அங்கே போடவில்லை; போட்டால் அதுவும் அக்கா இட்ட உத்தரவாகிவிடும். வாசலில் பழையபடி பிள்ளைகள் நிற்பார்கள், கதவு பூட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேதான் திருப்பத்தில் திரும்பினேன்.

கதவு திறந்திருந்தது. நடைபாதையில் சண்டை தொடங்கியிருந்தது. அக்காவின் படத்தை எங்கே வைப்பது, முதலில் விளக்கேற்றுவது யார், பள்ளிக்கு அவர் பெயரைச் சூட்டுவதா வேண்டாமா? அதே மனிதர்கள், அதே குரல்கள். நானும் உடனே இறங்கினேன். பெயர் சூட்டியே ஆக வேண்டும், இன்றைக்கே தீர்மானம் போட வேண்டும் என்று எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினேன். இந்த வருடத் தலைவர் டிலானி. மருந்துக் கடையில் வேலை செய்யும் இளம் தாய், பள்ளியில் ஒரு வருடம் முடித்த கையோடு குலுக்கலில் பெயர் வந்தவர். அழுதழுது கண் வீங்கியிருந்தது.

“நீங்க சொல்லும்மா,” என்றேன் அவரிடம். “அக்கா இருந்தா என்ன சொல்லியிருப்பாங்க?”

“எனக்குத் தெரியாது அண்ணை,” என்றார் டிலானி. “அக்கா இல்லை. நாங்கள்தான் இருக்கிறம். பிள்ளையள் வந்திட்டினம்.”

வகுப்பறைகளை ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டு, பேரைப் பற்றி மாலையில் கை தூக்கிப் பார்ப்போம் என்றார். மாலையில் கை தூக்கினோம். நான் தோற்றேன். நிறைய வித்தியாசத்தில். பெயர் சூட்டினால் பிள்ளைகள் அவரைக் கும்பிடுவார்கள், அவர் கேட்ட கேள்வியைக் கேட்க மாட்டார்கள் என்று பேசி என்னைத் தோற்கடித்தவர் பிரபா. அந்த மனிதருக்கு இவ்வளவு பேசத் தெரியும் என்று நான் நினைத்ததே இல்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது காலையில் நடந்தது. சிவகுமாரின் முகத்துக்கு நேரே விரலை நீட்டி நான் ஏதோ கத்திக்கொண்டிருக்கிறேன். அவரும் விடவில்லை. அப்போது பக்கத்து அறையிலிருந்து சின்னப் பிள்ளைகள் சேர்ந்து ஆனா, ஆவன்னா சொல்லும் சத்தம் வந்தது. எங்கள் சத்தம் கூடக் கூட அவர்களும் போட்டிக்குக் கத்தினார்கள். யாரும் அவர்களை நிறுத்தவில்லை. யாரையும் கேட்டு அவர்கள் தொடங்கவும் இல்லை. நான் விரலை இறக்கினேன். கண்ணீரை மறைக்க முடியவில்லை. சிவகுமாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு நிமிடம்தான். பிறகு விளக்கு விஷயத்தை மறுபடி தொடங்கினோம்.

அன்புள்ள அக்கா, போய் வாருங்கள். நீங்கள் பார்த்து வரச் சொன்னீர்கள், பார்த்தேன். யாரிடம் சொல்வது என்று தெரியாததால் இங்கே எழுதுகிறேன். சண்டை இன்னும் முடியவில்லை. பள்ளிக்கூடம் நடக்கிறது.